தலைகீழ் நோன்பு

நம் வயதுக்காரர்களில் யாராவது உப்பை வறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ரவை வறுத்திருப்போம், வேர்க்கடலை வறுத்திருப்போம். உப்பை எதற்கு வறுக்க வேண்டும் என்றுதான் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் வறுத்தார்கள். அதுவும் மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய தெருவில், வாசலில் நின்றால் உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற வீட்டில்.

அப்பா வேலை முடிந்து வரும்போது துண்டில் முடிந்து கொஞ்சம் உப்பு கொண்டுவருவார். அம்மா அதை இரும்பு வாணலியில் கொட்டி அடுப்பில் வைப்பாள். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு கல் வெடிக்கும். அப்புறம் இன்னொன்று. அப்புறம் வாணலி முழுவதும் படபடவென்று துள்ளும். நானும் அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அப்படியும் ஒரு கல் கன்னத்தில் வந்து சுடும். சத்தம் அடங்கியதும் அம்மா வாணலியை இறக்குவாள். வறுத்த உப்பில் ஈரமே இருக்காது. விரலில் எடுத்தால் உலர்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

நாங்கள் சமணர்கள். தமிழ்ச் சமணர்களை எங்கள் பக்கத்தில் நயினார் என்பார்கள். மண், நீர், நெருப்பு, காற்று எல்லாவற்றிலும் உயிர் உண்டு என்பது எங்கள் சாத்திரம். உப்பு மண்ணைச் சேர்ந்தது. ஆகவே பச்சை உப்பும் உயிருள்ளது. தொடு உணர்ச்சி ஒன்று மட்டும் உள்ள உயிர். நெருப்பில் பட்ட பிறகுதான் அது வெறும் பொருள். எங்கள் ஆட்களிலேயே இதை எல்லோரும் பார்ப்பதில்லை. அம்மா கல்யாணத்துக்கு முன்பே எடுத்துக்கொண்ட விரதம் அது. உப்பளத்துக்கு வாழ வருவோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

"வறுக்கும்போது அது சாவுதே, அது மட்டும் பாவமில்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

அப்பா சிரித்துவிட்டார். "உன் பொண்ணு கேக்கறதுக்கு பதில் சொல்லு."

அம்மா வாணலியைப் பார்த்தபடி யோசித்தாள். "பாவந்தான். அதனாலதான் ஒரு கை போடற எடத்துல ஒரு சிட்டிகை போடறேன்."

அது உண்மை. சுற்றிலும் உப்பாக இருந்த இடத்தில் உப்புக் குறைவாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

எங்கள் சொந்த ஊர் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் ஜினாலயம், சுற்றிலும் நயினார் வீடுகள், எல்லோரும் ஒருவருக்கொருவர் ஏதாவது ஒரு வகையில் உறவு. நிலம் கைவிட்டுப் போனதும் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிட்டார். உப்பு லாரி ஏற்றும் இடத்தில் மேஸ்திரி வேலை. உறவுக்காரர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'உசுர மூட்டை கட்டி விக்கிறவன்.' ஊரில் ஏதாவது விசேஷத்துக்குப் போனால் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே இதைச் சொல்வார். அப்பாவும் கூடச் சிரிப்பார். திரும்பி வரும் பஸ்ஸில் மரக்காணம் வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

நாங்கள் இருந்தது ஒரு வீட்டின் பாதி. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். மறுபாதியில் பாயம்மா இருந்தாள். வீடு அவளுடையதுதான். புருஷன் சவுதியில். பிறந்த ஊர் கோட்டக்குப்பம். பின்கட்டில் சுவர் என் கழுத்து உயரம்தான் இருக்கும். சுவருக்குக் கீழே இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. அம்மா தண்ணீர் சேந்தினால் இரட்டையாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். துணியில் தங்கியதை, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீர்மட்டத்தில் மெதுவாகச் சாய்த்துவிடுவாள்.

"யக்கா, நீ வடிகட்டுன பூச்சிய எல்லாம் மறுபடி கெணத்துலயே விடறியே, அதை நானா குடிக்கறது?" என்பாள் பாயம்மா.

"அது அங்க பொறந்தது பாயம்மா. அங்கதான இருக்கணும்."

"அப்ப நான் எங்க போறது?"

இதே பேச்சு வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். இருவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பார்கள்.

பொழுது சாய்ந்த பிறகு நாங்கள் சாப்பிட மாட்டோம். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் சோற்றில் விழும், தெரியாமல் உயிரைத் தின்போம் என்பது காரணம். எங்களுக்கு இது பல் விளக்குவது மாதிரி. யாரும் தனியாக நினைத்துச் செய்வதில்லை. தெருக்கோடிப் பள்ளிவாசலில் சாயங்காலப் பாங்கு சொல்லும்போது எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். நோன்பு மாதத்தில் அதே பாங்குக்குச் சுவரின் அந்தப் பக்கம் பாத்திரங்கள் திறக்கும். இங்கே மூடுகிற சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் அங்கே திறக்கிற சத்தம் வரும்.

அலை வந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். கடல் உப்பளத்துக்குள் வந்து பாத்திகளை அழித்துவிட்டுப் போனது. அப்பா ஒரு உப்பு லாரியில் தெருவையே ஏற்றினார். பெருமுக்கல் மலை தெரிகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார்கள். பகல் முழுவதும் ஒன்றும் கிடைக்கவில்லை. இருட்டிய பிறகு ஒரு வண்டியில் புளிசாதப் பொட்டலங்கள் வந்தன. அம்மா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நான் அழுதேன்.

பக்கத்தில் இருந்த ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்: "நம்ம கையால வாங்குனா அவங்களுக்கு ஆவாது. அலை வந்தும் புத்தி வரல பாரு."

பாயம்மா எழுந்துவிட்டாள். "இன்னா பேசற நீ? அவங்க நோன்பு. எங்க நோன்பு பகல்ல, அவங்க நோன்பு ராத்திரியில. வருஷம் பூரா தலைகீழ் நோன்பு. உன்னால ஒரு நாள் இருக்க முடியுமா, சொல்லு."

அந்தப் பெயர் எங்களுக்கு அன்று கிடைத்தது. விடிந்து வெயில் பட்டதும் பாயம்மா முந்தானையில் வாழைப்பழம் கொண்டுவந்து எங்கள் நால்வருக்கும் கொடுத்தாள். எங்கே போய் வாங்கினாள் என்று இன்றுவரை தெரியாது.

இதற்கு அடுத்த வருஷ மழைக்காலத்தில், நோன்பு மாதத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும்.

அதற்கு முன்பு வந்து போனவர்களை நான் சேர்க்கவில்லை. எல்லோரும் நயினார்கள்தான். அக்கா கொண்டுவைத்த காபியைக் குடித்தார்கள், கேசரியைத் தொட்டுக்கொண்டார்கள், வாசலில் போய் உப்புக் குவியலைப் பார்த்தார்கள். "இன்னொரு நாள் வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்தில் காபிக்கு அர்த்தம் கிடையாது. இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டால்தான் சம்மதம். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் யாரும் கை நனைக்கவில்லை.

இந்த முறை வருகிறவரை அக்காவுக்கு முன்பே தெரியும். எங்கள் சமண மடத்துத் தேர்த் திருவிழாவில் வரிசையில் நின்றவர்களுக்கு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர். இவளுக்கு மட்டும் டம்ளர் வழிய வழிய ஊற்றினாராம். அதன் பிறகு மளிகைக் கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய் போன் பெட்டியில்தான் பேச்சு. அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். நான் தெருவைப் பார்த்து நிற்பேன். பீப் சத்தம் வந்தால் அடுத்த காசைப் போடுவதும் என் வேலை. அந்தச் சிவப்புப் பெட்டிகளை இப்போது எங்கும் காணோம். நான் போகாத ஊர் இல்லை. பழைய சாமான் கடைகளில்கூடப் பார்க்கவில்லை.

"அவங்க பெரியப்பா சரின்னா சரி. அவர் வேணான்னா, இவர் எங்கிட்ட பேசக்கூட மாட்டாரு. அவரு அப்படி வளந்தவரு" என்று ஒருநாள் திரும்பும்போது அக்கா சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

அப்பா இல்லாத மாப்பிள்ளை அவர். வளர்த்தது பெரியப்பா. ஓய்வு பெற்ற வாத்தியார். பிராகிருதம் படித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய் நயினார் பிள்ளைகளுக்குச் சாத்திரம் சொல்லிக்கொடுப்பவர். பண்டிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவரைப் பற்றிக் கதைகள் நிறைய. ஒரு வீட்டில் தண்ணீரை வடிகட்டாமல் கொடுத்தார்கள் என்று எழுந்து போனாராம். ஒரு கல்யாணத்தில் பந்தி தாமதமாகிவிட்டது என்று மணமகனையே பசியோடு உட்கார வைத்தாராம்.

அம்மா அந்தக் கதைகளை எல்லாம் நம்பினாள். வருகிற நாளுக்கு முந்திய மாலை, பின்கட்டுச் சுவர் ஓரம் போய் நின்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"பாயம்மா, நாளைக்கு வர்றவங்க ஒரு மாதிரி ஆளுங்க. பெரியவரு ரொம்ப..."

"கண்டிப்பா?"

"ஏற்கனவே உப்பளத்து வீடுன்னு பேசறாங்க. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாருன்னு தெரிஞ்சா... தப்பா எடுத்துக்காத."

பாயம்மாவின் குரல் வழக்கம் போலத்தான் இருந்தது. "நான் வாயத் தொறக்கக் கூடாது, அவ்ளோதான? நோன்பு வாய் யக்கா, ஏற்கனவே மூடித்தான் இருக்குது. கோழிங்கள காலைலயே கூடையில போட்டுக் கவுத்துடறேன். நாளைக்குக் கறியும் வேணாம். உன் பொண்ணு நல்லா இருக்கட்டும்."

கறியைப் பற்றி அம்மா கேட்கவில்லை. அதை அவளாகவே சேர்த்துச் சொன்னாள்.

உள்ளே வந்ததும் அப்பா கேட்டார்: "எதுக்கு இதெல்லாம்? யார் வீட்ல குடியிருக்கோம்?"

"உங்களுக்குப் பஸ்ல பேசாம வரத் தெரியும். எனக்கு என் பொண்ண அனுப்பணும்" என்றாள் அம்மா. அம்மா ஒரு பழைய பச்சைப் புடவையை எடுத்து, கிணற்றுக்கு மேலே கயிற்றில் போட்டுச் சுவரை மறைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்தே மழை. வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார், வாழைக்காய் வறுவல், புடலங்காய்க் கூட்டு, பருப்புப் பாயசம். அம்மா எல்லாம் செய்து மூடிவைத்தாள். வந்தவர்கள் சாப்பிடாமல் நாங்கள் சாப்பிட முடியாது. மதியம் போனது. மழை வலுத்தது. கரண்ட் போய்விட்டது. அக்கா தலையில் வைத்த மல்லிகை வாடி, தண்ணீர் தெளித்து, மறுபடி வாடியது. நான் பசியில் பாயச மூடியைத் திறந்து வாசனை மட்டும் பிடித்தேன். அம்மா கையில் ஒரு தட்டு தட்டினாள்.

அவர்கள் வந்தபோது சாயங்காலம். ஏரி உடைந்து ரோட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். வேனை அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, இடுப்புத் தண்ணீரில் இறங்கி நடந்து, இந்தப் பக்கம் ஒரு டிராக்டரில் ஏறி வந்திருந்தார்கள். மூன்றே பேர். பண்டிதர், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை மார்பு வரைக்கும் சேறு. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

பண்டிதர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். துண்டைப் பிழிந்து தோளில் போட்டார். கால் கழுவினார். எங்கள் மந்திரமான பஞ்ச நமஸ்காரம் சொன்னார். அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல், வெளியே வானத்தைப் பார்த்தார். வானம் எங்கே இருந்தது? அடுப்புக் கரி மாதிரி ஒரே கறுப்பு. வீட்டுக்குள் முகம் தெரியவில்லை. அப்பா லாந்தர் விளக்கை ஏற்றப் போனார்.

"வேணாம். வெளக்கு ஏத்திட்டா அப்புறம் எதுக்கு? வெளக்கு வெளிச்சத்துல சாப்புடக் கூடாதுன்னுதான நம்ம முறையே" என்றார் பண்டிதர். வாசலுக்குப் போய் உள்ளங்கையை விரித்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பகல் வெளிச்சம் இன்னும் இருக்கிறதா என்பதற்கு ரேகை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்திருக்காது. எனக்கு என் விரல்களே மங்கலாகத்தான் தெரிந்தன.

அவர் டம்ளரை அப்படியே கீழே வைத்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பொழுது சாஞ்சிடுச்சு. ஒண்ணும் நினைச்சுக்காதீங்க நயினார். உறவு முடியாத வீட்ல ராத்திரி தங்கறதும் சரியில்ல. இன்னொரு நாள் வர்றோம்."

அம்மாவின் கையில் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். கதவுக்குப் பின்னால் அக்கா என் கையைப் பிடித்தாள். வளையல் அழுந்தி வலித்தது. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தார். பஸ்ஸில் பார்ப்பாரே, அதே முகம்.

அப்போது பின்கட்டிலிருந்து, பச்சைப் புடவைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு குரல் வந்தது.

"பொழுது இன்னும் சாயல!"

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரது?" என்றார் பண்டிதர்.

"பக்கத்து வீடுங்க" என்றேன் நான்.

"நாங்க நோன்புக்காரங்கய்யா" என்று குரல் தொடர்ந்தது. "விடியறதுக்கு முன்னாடி குடிச்ச தண்ணி. கஞ்சிய முன்னாடி வெச்சுக்கிட்டு நாக்கு ஒட்டிப்போய் உக்காந்துட்டு இருக்கோம். பொழுது சாஞ்சிருந்தா நாங்க சும்மா இருப்பமா? இன்னும் பாங்கு சொல்லல."

பண்டிதர் பின்கட்டுக்கு நடந்தார். அம்மா தடுக்கப் பார்த்து முடியாமல் ஒதுங்கினாள். அவர் புடவையை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினார். சுவருக்கு அந்தப் பக்கம் பாயம்மா தலையில் முக்காட்டோடும், அதற்கு மேல் ஒரு முறத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டும் மழையில் நின்றாள்.

"கரண்ட் இல்லையேம்மா. மைக் இல்லாம பாங்கு எப்படிக் கேக்கும்?"

"எங்க மோதினாருக்கு மைக்கு எதுக்குங்க? அவரு தும்முனா கூனிமேட்டுல கேக்கும்."

பண்டிதரின் மீசை அசைந்தது. "கடிகாரம் வெச்சிருக்கீங்களா?"

பாயம்மா கையை நீட்டினாள். சவுதியிலிருந்து வந்த பெரிய ஆண் கடிகாரம், முழங்கை வரை சரிந்து இருட்டில் பச்சையாக மின்னியது. "பாங்குக்கு இன்னும் நேரம் இருக்குது. ஆனா ஒண்ணுங்க. பாங்கு வரைக்கும் சாப்பிடலாம்னு நெனச்சுடாதீங்க. பொழுது சாஞ்ச உடனே சொல்ல மாட்டாங்க. பேணுதலுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் சொல்லுவாங்க. அத கழிச்சுக்கோங்க."

"எதுக்கு?"

"பேணுதலுக்கு. நிச்சயமா சாஞ்சிடுச்சுன்னு தெரியணும்ல. ஒரு சொட்டு முந்திப் போச்சுன்னாலும் நாள் பூரா இருந்த நோன்பு போச்சு."

"பேணுதல்" என்று பண்டிதர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், ருசி பார்ப்பது போல. "நல்ல சொல். நாங்களும் அதையேதான் செய்யறோம். நீங்க தள்ளித் தெறக்கறீங்க. நாங்க முந்தி நிறுத்தறோம்." பிறகு அவர் குரல் மாறியது. "முறைப்படி நம்ம சாப்பாடு இதுக்கும் முன்னாடியே முடியணும். கடைசி எல்லை பொழுது சாயறது. அதுக்கு இன்னும் கொஞ்சம் இருக்குது."

அவர் முடிவு சொல்வதற்குள் உள்ளே ஒரு சத்தம். மாப்பிள்ளையின் அம்மா, வந்ததிலிருந்து வாயே திறக்காதவர், தாமாகவே ஒரு இலையை எடுத்து விரித்து, சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க கணக்கு முடிக்கறதுக்குள்ள சாஞ்சிடும் மாமா. எனக்குப் பசிக்குது. பொண்ணும் புடிச்சிருக்குது. உக்காருங்க."

அம்மா ஓடினாள். அக்கா ஓடினாள். நான் இலைகளை வாசலுக்கு அருகில், இருக்கிற வெளிச்சத்தில் போட்டேன். இலையின் ஓரத்தில் முதலில் உப்பு வைத்தாள் அம்மா. எப்போதும் உப்புதான் முதலில். பண்டிதர் அதை விரலால் தொட்டார். உதிர்ந்தது. குனிந்து பார்த்தார்.

"வறுத்ததா?"

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"இந்த ஊர்லயா? உப்பளத்துல உக்காந்துக்கிட்டா?"

அப்பாதான் பதில் சொன்னார். "தெனமும் லாரி லாரியா ஏத்தறேங்க. வீட்டுக்கு வர்றத அவ வறுத்துடறா. எங்களால ஆனது அவ்ளோதான்."

பண்டிதர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பஸ்ஸில் பேசாமல் வருவதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. "எங்க வீட்ல கடை உப்பத்தான் போடறாங்க. நான் ஊர் ஊராப் போய் இதப் பத்திப் பேசறேன்" என்றார். சோற்றில் அந்த உப்பைப் பிசைந்து ஒரு கவளம் சாப்பிட்டார். அடுத்து சாம்பாரில் ஒரு கவளம். மாப்பிள்ளை அவசரத்தில் புரையேறி இருமினார். கதவுக்குப் பின்னால் அக்கா சிரித்தது வெளியே கேட்டது. பாயசம் பரிமாற அம்மா குனிந்தபோது பண்டிதர் கையை இலைக்கு மேலே நீட்டினார்.

"போதும். நிறுத்துங்க. நேரம் ஆயிடுச்சு."

கை கழுவினார்கள். கை நனைந்துவிட்டது.

நண்பர்களே, அதற்குப் பிறகு வந்த கொஞ்ச நேரத்தைத்தான் நான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்துவிட்டது. அவர்கள் வீட்டில் இன்னும் தொடங்கவில்லை. இந்தப் பக்கத்துப் பேணுதலுக்கும் அந்தப் பக்கத்துப் பேணுதலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம். இரண்டு வீட்டிலும் நிறையச் சோறு இருந்தது, ஒருவர் வாயிலும் ஒன்றும் இல்லை. மழை மட்டும் ஓட்டில் பெய்துகொண்டிருந்தது.

பிறகு மோதினாரின் தொண்டை கேட்டது. மைக் இல்லாமல்தான். சுவருக்கு அந்தப் பக்கம் டம்ளர் தட்டுப்பட்டது.

அம்மா எழுந்தாள். சமைத்தது எல்லாம் அப்படியே இருந்தது. நாங்கள் இனிச் சாப்பிட முடியாது; இரவு தங்கிய சோற்றை மறுநாள் தொடுவதும் வழக்கமில்லை. பாயசத் தூக்கை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பச்சைப் புடவையைக் கயிற்றிலிருந்து உருவிக் கீழே போட்டாள்.

"பாயம்மா..."

"வாயத் தொறந்துட்டேன் யக்கா. கோச்சுக்காத" என்றாள் பாயம்மா.

அம்மா தூக்கைச் சுவருக்கு மேலே நீட்டினாள். பாயம்மா வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகும் அம்மா தூக்கின் காதை விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்கள். அதற்குள் மாப்பிள்ளை சாம்பார்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இத எங்க வெக்கறது அத்தை?" என்றார். அத்தை என்று அவர் கூப்பிட்டதை அம்மா கவனித்தாளோ இல்லையோ, அக்கா கவனித்தாள்.

ஆக, என் அக்காவின் நிச்சயச் சாப்பாட்டைச் சாப்பிட்டது பாயம்மாவும், அவள் கூப்பிட்டுச் சேர்த்த தெரு நோன்புக்காரர்களும்தான். நான் சுவரில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழைக்காய் வறுவல் போன வேகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

"சாம்பார்ல இன்னாடி உப்பே இல்ல?" என்றாள் பாயம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீ காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலயா?"

தலையை ஆட்டினேன்.

"பகல் பூரா எங்க நோன்பு. இப்போ ராத்திரி பூரா உங்க நோன்பா? உன்னுது எப்படி தெறக்கும் புள்ள?"

"காலைல பொழுது கிளம்புனா."

"அல்லாவே" என்றாள்.

அம்மா யாரைப் பார்த்துப் பயந்தாள் என்று இப்போது யோசிக்கிறேன். பண்டிதரை இல்லை. அவர் அந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்த ஊரில் சிரித்துக்கொண்டே பேசுகிற வாய்களைப் பார்த்துத்தான் பயந்தாள். அந்த வாய்கள் அன்று எங்கள் வீட்டில் இல்லவே இல்லை.

அக்கா சென்னையில் இருக்கிறாள். அவள் வீட்டில் உப்பு வறுப்பதில்லை. மாமியார் இருந்தவரைக்கும் வறுத்தார். பாயம்மா வீட்டை விற்றுவிட்டு கூனிமேட்டுக்குப் போய்விட்டாள். நான் பத்தாவதில் தவறி, திருப்பூருக்குப் போய், அங்கிருந்து ஓசூர், சூரத், இப்போது வேறொரு ஊர். ஷிப்ட் முடிந்து நடுராத்திரியில் தள்ளுவண்டியில் சாப்பிட்டிருக்கிறேன். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; பசித்தது, சாப்பிட்டேன். ஆனால் எந்த ஊராக இருந்தாலும் பொழுது சாய்ந்து பாங்கு வருவதற்கு முன்னால் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் கையில் இருக்கிற டீயைக் குடிக்க மாட்டேன். ஆறிப்போனாலும் வைத்திருப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் ஏன் என்று கேட்டால் சூடாக இருக்கிறது என்பேன்.

அன்று இரவு பண்டிதர், மாப்பிள்ளை, அவர் அம்மா எல்லோரும் எங்கள் வீட்டில்தான் படுத்தார்கள். உறவு முடிந்துவிட்டது, தங்கலாம். இரண்டு மூன்று கவளத்தோடு அவர்களும், அதுவும் இல்லாமல் நாங்களும்.

விடியற்காலையில் மழை விட்டிருந்தது. நான் முதலில் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். பாயம்மா எனக்கு முன்பே சுவர் ஓரம் நின்றிருந்தாள். நேற்றுப் போன பாயசத் தூக்கு, கழுவியது, அவள் கையில் இருந்தது. உப்பளத்தின் மேல் நீண்ட மேகம் ஒன்று கிழிந்து, அந்தக் கிழிசலில் பொழுது மெதுவாக வந்தது. குவியல்களை மூடியிருந்த கீற்றுகளிலிருந்து ஆவி எழும்பியது.

பின்னால் காலடிச் சத்தம். பண்டிதர் வந்து நின்றார். அவரும் பொழுதைத்தான் பார்த்தார். உள்ளங்கையை விரித்தார். ரேகை தெரிந்தது, என்னுடையதும் தெரிந்தது.

பாயம்மா தூக்கின் மூடியைத் திறந்து சுவருக்கு மேலே நீட்டினாள். உள்ளே சவுதிப் பேரீச்சம்பழம், வாய் வரைக்கும்.

"நான் மூடிட்டேன்" என்றாள். "நீங்க தெறங்க."

பண்டிதர் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்தார். உள்ளே பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். கொட்டையை எடுத்துவிட்டு ஒரு பாதியை என் கையில் வைத்தார், மறுபாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். நாங்கள் மெல்லுவதை, ஒன்றும் சாப்பிட முடியாத பாயம்மா, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.